மதுரையில் முதல் வாடகை வீடு: 46 லட்சம் சொல்கிறார்கள், வாங்கலாமா?

தெப்பக்குளத்தான் | 2025 மே 18

வணக்கம். வயது 36, மதுரையில் தனியார் கம்பெனி வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. இருப்பது அப்பா கட்டிய வீட்டில், அதனால் குடியிருக்க வீடு தேவையில்லை. ஏழெட்டு வருடமாகச் சேர்த்த 25 லட்சம் டெபாசிட்டில் கிடக்கிறது, கொஞ்சம் கடன் சேர்த்து வாடகைக்கு விட ஒரு பழைய வீடு வாங்கிப் போடலாம் என்று மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது ஒன்று படிந்து வருகிறது. விளாங்குடி பக்கம், மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது தெரு. 2.75 சென்ட், 1988ல் கட்டிய தார்சு (காங்கிரீட் தளம் போட்ட) வீடு. கீழே ஹால், இரண்டு படுக்கையறை, சமையல்கட்டு. மேலே ஒற்றை அறை, குட்டி சமையல்கட்டு, பாத்ரூம், அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. கரண்ட் மீட்டர் இரண்டு. போர் தண்ணீர் லேசாக உப்பு, மாநகராட்சிக் குழாய் இருக்கிறது. 46 லட்சம் சொல்கிறார்கள், 43க்கு முடித்துத் தரலாம் என்கிறார் புரோக்கர். அந்தப் பக்கம் வாடகை விசாரித்தேன், கீழே 9,000, மேலே 5,000 போகும்.

உள்ளே புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது, ரிப்பேருக்கு 3 லட்சம் ஒதுக்கினால் போதும் என்று நினைக்கிறேன். வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) 1975லிருந்து ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன், சுத்தம். ஒரே ஒரு விஷயம், வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது, விற்பது மகன். தேனியில் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா உண்டு. "அவங்களுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பியாச்சு, கையெழுத்தெல்லாம் தேவையில்ல சார்" என்கிறார் புரோக்கர். உங்கள் கருத்து?

பழைய பேரேடு | 2025 மே 18

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த அக்கா கையெழுத்துப் போடாத பத்திரத்துக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம். 31 வருடம் வங்கியில் இருந்தேன், அதில் பாதி கடன் பிரிவில். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. நகை போட்டது, சீர் செய்தது எதுவும் கணக்கில் வராது. அவர் பங்கை விட்டுக்கொடுக்கிறார் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், இல்லையென்றால் கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராக வர வேண்டும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கையெழுத்து.

வைகைநதி | 2025 மே 18

சார், தமிழ்நாட்டில் 1989க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று எங்கள் குடும்ப கேஸில் வக்கீல் சொன்னார். அந்த அக்காவுக்கு எப்போது கல்யாணம் என்று முதலில் கேட்கவும்.

பழைய பேரேடு | 2025 மே 19

இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். 1989 மார்ச் 25 கணக்கு பூர்வீகச் சொத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அதில்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களை விலக்கி வைத்திருந்தார்கள். 2005ல் மத்திய சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்த விலக்கும் போயிற்று, 2020ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவர் பார்க்கும் வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது என்றால் அந்தப் பேச்சே எழாது, 1956லிருந்தே மகளுக்குச் சமபங்கு.

இன்னொன்று, அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டினால் நம்ப வேண்டாம். அசல் வேறு யாரிடமாவது அடமானமாக உட்கார்ந்திருக்கும், பதியாமல் கொடுத்திருந்தால் வில்லங்கத்தில் தெரியாது.

கொத்துக்கரண்டி | 2025 மே 19

விற்கப் போகிற வீட்டுக்கு எதற்குப் புது வெள்ளை என்று யோசித்தீர்களா? சுவரில் அடித்திருந்தால் சரி. தளத்தின் அடிப்பக்கம், அதாவது சீலிங்கில் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இருபது வருடமாகப் பழைய கட்டட வேலைதான் பார்க்கிறேன்.

அடுத்த முறை போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். பாத்ரூம் சீலிங், மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, சன்ஷேடு ஓரம், இந்த மூன்று இடத்திலும் லேசாகத் தட்டுங்கள். கெட்டியாக "ணங்" என்றால் நல்லது, "டொப்" என்று உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்டால் காங்கிரீட் கம்பியை விட்டுவிட்டது என்று அர்த்தம். நேர்க்கோட்டில், ஒன்றுக்கொன்று இணையாக வெடிப்பு ஓடினால் அது பூச்சு வெடிப்பு இல்லை, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டு வெளியே தள்ளுகிறது. நிலைக்கதவின் அடிப்பாகத்தைச் சாவியால் குத்திப் பாருங்கள், கரையான் இருந்தால் பொசுக்கென்று உள்ளே போகும். ஸ்விட்ச் போர்டு ஒன்றைத் திறந்து எர்த் வயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அந்தக் காலத்து வீடுகளில் பாதிக்கு இருக்காது.

தரை டைல்ஸ், பெயிண்ட் நிறம் இதையெல்லாம் பார்த்து மயங்காதீர்கள், அது ஒரு வார வேலை.

பரமக்குடி டு துபாய் | 2025 மே 20

நான் ஒருவனாவது எதிர்க்கட்சியாக இருக்கிறேன். 43 லட்சத்துக்கு மாதம் 14,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,68,000, நாலு சதவீதம்கூட வரவில்லை. அதில் காலி மாதம், ரிப்பேர், சொத்து வரி போக மூன்று நின்றால் பெரிது. டெபாசிட்டில் சும்மா கிடந்தாலே ஆறரை வருகிறது, இதில் வங்கிக்கு எட்டேகால் வட்டி வேறு கட்டப் போகிறீர்கள். எட்டேகாலுக்கு வாங்கி மூன்றுக்கு விடுவதை எங்கள் ஊரில் வியாபாரம் என்று சொல்ல மாட்டார்கள். நான் 2014ல் ஊரில் ஒரு வீடு வாங்கினேன், இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டு மோட்டாருக்காக மச்சானுக்குப் போன் போடுவதே என் வேலையாகிவிட்டது.

தெப்பக்குளத்தான் | 2025 மே 20

அண்ணே, கணக்கு எனக்கும் தெரிகிறது. நான் வாடகையை மட்டும் பார்த்து வாங்கவில்லை, 2.75 சென்ட் மண் இருக்கிறது. அதோடு, டெபாசிட்டில் கிடந்தால் ஏதாவது ஒரு கல்யாணம், காதுகுத்துக்கு எடுத்துச் செலவழித்துவிடுவோம் என்ற பயமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்.

கோவை சரவணம்பட்டி | 2025 மே 21

பரமக்குடி அண்ணா சொல்வது தப்பு இல்லைங்க. ஆனால் எல்லோரும் எக்செல்லைப் பார்த்து வீடு வாங்குவதில்லையே. எங்களுக்கு இரண்டு லைன் வீடு இருக்கிறது, அம்மா காலத்தில் வாங்கியது, இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: வீடு உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும். தூரத்து வீட்டில் ஒழுகும் குழாய்க்கும் பக்கத்து வீட்டில் ஒழுகும் குழாய்க்கும் பிளம்பர் கேட்கிற காசே வேறு.

தெப்பக்குளத்தான் | 2025 ஜூன் 1

சின்ன அப்டேட், பெரிய தலைவலி. மேலே இருப்பவரை வாடகைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குச் சுத்தியலோடு போனபோது அவரிடம் வாடகை எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். "வாடகை எதுங்க, நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம்" என்று சொல்லி 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய அக்ரிமெண்டைக் கொண்டுவந்து காட்டினார். 3 லட்சம், மூன்று வருடம், இன்னும் பதினொரு மாதம் பாக்கி. புரோக்கரைக் கேட்டால் "அதெல்லாம் நம்ம பேசிக்கலாம் சார்" என்கிறார். வில்லங்கத்தில் இது வரவே இல்லையே!

பழைய பேரேடு | 2025 ஜூன் 1

எப்படி வரும்? பதிந்தால்தானே வரும். ஒத்தி என்பது சட்டப்படி ஒரு அடமானம், பதிய வேண்டியது, ஆனால் மதுரைப் பக்கம் பத்தில் ஒன்பது பேர் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வது, இதுதான் ஒத்தி. அந்த 3 லட்சத்தை விற்பவர் எப்போதோ செலவழித்திருப்பார். நீங்கள் வாங்கிய மறுநாள் அந்தக் குடும்பம் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும், அவர்கள் மேலும் தப்பு இல்லை.

ஆகவே, ஒத்திப் பணத்தை விற்பவர் திருப்பிக் கொடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று அந்தத் தாளின் பின்னாலேயே எழுதி வாங்கி, அறை காலியாகிப் பூட்டுச் சாவி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பதிவு. பணத்துக்கு அவர் கையில் வழியில்லை என்றால் நீங்கள் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்து உங்கள் கண்முன்னே கொடுக்கச் சொல்லுங்கள், அந்த அட்வான்ஸையும் அக்காவும் கையெழுத்துப் போட்ட விற்பனை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

வைகைநதி | 2025 ஜூன் 2

நீங்களும் வாங்கின பிறகு ஒத்திக்கே விடுங்களேன். மேலே 3, கீழே 6, மொத்தம் 9 லட்சம் கையில் வரும், அந்த அளவுக்குக் கடன் குறையும்.

கோவை சரவணம்பட்டி | 2025 ஜூன் 2

அதுவும் கடன்தானேங்க? அவர்கள் காலி செய்யும்போது 9 லட்சத்துக்கு எங்கே போவது? அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் இவருக்குக் கொடுக்க முடியும். இப்போது விற்கிறாரே அந்த மகன், அவர் மாட்டியிருப்பது அதில்தான்.

தெப்பக்குளத்தான் | 2025 ஜூலை 27

முடிந்துவிட்டது. 42.5 லட்சம். அக்கா தேனியிலிருந்து வந்தார், அம்மா, மகன், மகள் மூவரும் கையெழுத்து. அக்கா பங்குக்குத் தனி டிடி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன் (பேரேடு ஐயா யோசனை). தம்பி முகம் அன்றைக்கு நன்றாக இல்லை. அக்கா மட்டும் போகும்போது வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்கட்டில் அவர் அப்பா வைத்த முருங்கை மரத்தை வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முத்திரை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், 3,82,500. வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை) மட்டும் பதிந்துவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்று புரோக்கர் கடைசிவரை நச்சரித்தார், முழு விலைக்கே பதிந்தேன். வங்கியில்தான் ஏமாற்றம். விலை 42.5 என்றாலும் அவர்களுடைய வேல்யூயர் கட்டடத்தின் வயதைப் பார்த்து 36 லட்சம்தான் மதிப்புப் போட்டார், அதில் 80 சதவீதம், 28.8 லட்சம் கடன். 8.25 வட்டி, 20 வருடம், மாதத் தவணை 24,540.

சுத்தியல் பரிசோதனையில் மேல் பாத்ரூம் மட்டும் "டொப்". அதற்காகத்தான் 50,000 குறைத்தார்கள்.

கொத்துக்கரண்டி | 2025 ஜூலை 27

வாழ்த்துகள். பூச்சை உடைக்கும்போது கூடவே நில்லுங்கள், மேஸ்திரியை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தெப்பக்குளத்தான் | 2025 ஆகஸ்ட் 10

உடைத்தோம். அண்ணே, 50,000 குறைத்ததற்காகச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. மேல் பாத்ரூமில் ஆரம்பித்து, அதற்கு நேர் கீழே சமையல்கட்டு சீலிங்கின் கால்வாசி வரை பூச்சு பாளம் பாளமாக வந்தது. கம்பி சில இடத்தில் பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறது. மொட்டைமாடி டேங்க்கின் வழிகிற தண்ணீர் குழாய்க்குப் போகாமல் வருடக்கணக்கில் தளத்திலேயே தேங்கியிருக்கிறது. ஒரு மேஸ்திரி "மேல சிமெண்ட் பூசி விட்டுரலாம், பத்து வருசம் ஓடும்" என்கிறார், இன்னொருவர் அந்தத் தளத்தையே இடித்துவிட்டுப் புதுசாகப் போட 4 லட்சம் கேட்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை.

கொத்துக்கரண்டி | 2025 ஆகஸ்ட் 10

இரண்டும் வேண்டாம். போட்டோ பார்த்தேன், மொத்தமாக இடிக்கும் அளவுக்கு இல்லை. துருப்பிடித்த கம்பி மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே துரு அதுபாட்டுக்கு வேலை செய்யும், இரண்டு மழைக்குள் பூச்சோடு கீழே வரும், கீழே யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் முட்டுக் கொடுங்கள். தொளதொள என்று இருக்கும் காங்கிரீட் மொத்தத்தையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரிகிற அளவுக்கு உள்ளே போக வேண்டும், பாதியில் நிறுத்தினால் வேலையே வீண். கம்பி பிரஷ் போட்டு வெள்ளியாகத் தெரியும் வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு இரண்டு கை. கால்வாசிக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும், எங்கே எத்தனை என்பதை உள்ளூர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் கூட்டிப் போய்க் கேளுங்கள், போட்டோவைப் பார்த்து நான் சொல்லக் கூடாது. அப்புறம் பழசும் புதுசும் ஒட்டுவதற்கான பாண்டிங் கோட், அது காய்வதற்குள் பாலிமர் கலவையை அடுக்கடுக்காக. ஒரே மூச்சில் கனமாக அப்பினால் தொங்கிவிடும். ஒரு வாரம் ஈரச் சாக்கு கட்டி நனைக்க வேண்டும்.

அதெல்லாம் கீழ்ப்பக்கம். தண்ணீர் வருவது மேலே இருந்து, அதை நிறுத்தாமல் கீழே எவ்வளவு செலவழித்தாலும் பிரயோஜனம் இல்லை. மாடியில் பதித்த பழைய தட்டோடு (தட்டை ஓடு) பெயர்ந்திருந்தால் அதன் மேலேயே இன்னொரு ஓடு பதிக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், தளத்துக்குத் தேவையில்லாத பாரம். பழசை எடுத்துவிட்டு, வாட்டம் சரி செய்து, தண்ணீர் கசியாத பூச்சு அடித்து, அப்புறம் புதுத் தட்டோடு. முடிந்ததும் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். டேங்க்கைத் தளத்தில் வைக்காமல் இரண்டு சுவர் மேல் உட்காருவதுபோல் மேடை கட்டி வையுங்கள்.

பரமக்குடி டு துபாய் | 2025 ஆகஸ்ட் 11

நான் எதுவும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தேன்.)

கோவை சரவணம்பட்டி | 2025 ஆகஸ்ட் 12

தளத்தில் செலவான காசை வேறு இடத்தில் பிடியுங்க. மாடுலர் கிச்சன் வேண்டாம், கடப்பாக்கல் அலமாரியே போதும், குடித்தனக்காரர் பிள்ளை தொங்கி விளையாடினாலும் தாங்கும். ஃபால்ஸ் சீலிங் பக்கமே போகாதீங்க. தரையில் பழைய சிவப்புச் சிமெண்ட் நன்றாக இருந்தால் அப்படியே விட்டு மெருகேற்றிவிடுங்க. பாத்ரூமுக்கும் வயரிங்குக்கும் மட்டும் கை கூசாமல் செலவு செய்யலாம். வீடு பார்க்க வருகிற பெண்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அப்புறம் பாத்ரூம், அப்புறம் துணி எங்கே காயப்போடுவது. ஆம்பளைங்க வண்டி எங்கே விடுவது என்று மட்டும் கேட்பார்கள்.

வாடகைக் குருவி | 2025 ஆகஸ்ட் 13

இந்த இழையில் எல்லோரும் வீட்டுக்காரர்களாகவே இருக்கிறீர்கள், 14 வருடமாக வாடகை கொடுப்பவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? ஐந்து வீடு மாறிவிட்டேன். கடைசி வீட்டில் 8 மாத அட்வான்ஸ், காலி பண்ணும்போது பெயிண்ட் செலவு, ஆணி அடித்த செலவு என்று 22,000 பிடித்தார்கள். சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய். வீட்டு இணைப்புக்கு அரசு கொடுத்த 100 யூனிட் இலவசம் யாருக்குப் போனது என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒழுகுது என்று சொல்லி ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், என்ன தகராறு என்றாலும் தண்ணீர், கரண்டைக் கட் பண்ணக் கூடாது. பதிந்து வைத்தால் உங்களுக்கும் நல்லதுதான், பதியாத தாளோடு போனால் சண்டை வரும்போது அது கைகொடுக்காது. வாடகைக்காரன் என்ன சாதி, கறி சாப்பிடுவானா என்று கேட்காமல் விட முடியுமா என்றும் யோசியுங்கள், நான் அதிகம் இழந்த வீடுகள் அதில்தான்.

தெப்பக்குளத்தான் | 2025 நவம்பர் 16

நவம்பர் 1ந்தேதி இரண்டு போர்ஷனுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். கேட்டவர்களுக்காகக் கணக்கு.

தளம், காங்கிரீட் வேலை 2.35 லட்சம். முழு வயரிங், எர்த், ஷாக் அடித்தால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் 1.05. பிளம்பிங், இரண்டு பாத்ரூம் 1.60. கரையான் தின்ற நிலை, கதவு, இரண்டு ஜன்னல் 45,000. பெயிண்ட் 70,000. டேங்க் மேடை, மோட்டார் 25,000. ஆக 6.40 லட்சம். நான் முதலில் எழுதிய 3 லட்சத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

வீட்டு விலை, பதிவு, புரோக்கர் 1 சதவீதம், வக்கீல் மற்றும் வங்கிச் செலவு 30,000, ரிப்பேர் எல்லாம் கூட்டினால் 53.45 லட்சம். கடன் போகக் கையிலிருந்து போனது 24.65, அதாவது 25 லட்சத்தில் மிச்சம் 35,000. மூன்று மாதம் வாடகை வராமல் தவணை மட்டும் கட்டியது சம்பளத்தில் போனது. அந்த சமயம் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் ரிப்பேருக்கு நினைத்ததைப்போல் இரண்டு மடங்கும், ஆறு மாதத் தவணையும் தனியாக எடுத்து வைக்காமல் இறங்க வேண்டாம்.

வாடகை கீழே 9,500, மேலே 5,000. வருடத்துக்கு 1,74,000. ஒரு மாதம் காலி, சொத்து வரி, சில்லறை ரிப்பேர் கழித்தால் 1,43,500, போட்ட மொத்தத்தில் 2.7 சதவீதம். பரமக்குடி அண்ணன் சொன்ன மூன்றுகூட இல்லை.

பழைய பேரேடு | 2025 நவம்பர் 16

வரிக்கணக்கையும் போட்டுவிடுகிறேன். சொத்து வரி போக வாடகை 1,70,000 என்று வையுங்கள், அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு, ரசீது எதுவும் கேட்க மாட்டார்கள். மீதி 1,19,000. முழு வருட வட்டி முதலாண்டில் சுமார் 2.36 லட்சம் வரும், ஆக வாடகைக்கு வரி இல்லை, 1.17 லட்சம் நஷ்டம் நிற்கும். பழைய வரிமுறையில் இருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், வருடத்துக்கு 2 லட்சம் வரை. புது முறையில் முடியாது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள்?

தெப்பக்குளத்தான் | 2025 நவம்பர் 16

புதுசு ஐயா. மாற்றினால் மற்ற கழிவு எதுவும் பெரிதாக இல்லை, கணக்குப் பார்த்தால் புதுசிலேயே இருப்பதுதான் லாபமாக வருகிறது.

பரமக்குடி டு துபாய் | 2025 நவம்பர் 17

நேர்மையாகக் கணக்குப் போட்டதற்கு ஒரு சலாம். இரண்டாவது வீடு எப்போது?

தெப்பக்குளத்தான் | 2025 நவம்பர் 17

மாதம் 10,040 கையிலிருந்து போடுகிறேன் அண்ணே, அது வாடகை ஏறி ஏறிக் குறையும் வரை இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்ததே, மூன்றாம் நாள் காலையில் போய் அந்தச் சமையல்கட்டு சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

வாடகைக் குருவி | 2025 நவம்பர் 17

சப் மீட்டரா?

தெப்பக்குளத்தான் | 2025 நவம்பர் 18

இல்லை, தனித்தனி மீட்டர், பில்லை அவரவர் போனில் கட்டிக்கொள்கிறார்கள். மூன்று மாத அட்வான்ஸ், ஒப்பந்தம் பதிந்தாயிற்று. சாதி கேட்கவில்லை. மேலே வந்திருப்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். முருங்கைக்காய் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், கீழ் வீட்டம்மாவோடு பேசிப் பிரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.